பச்சைக்குழந்தையை எங்கே, எப்படித் தூங்க வைப்பது? கடலூர், புதுச்சேரி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ராத்திரியே இந்தக் கேள்விகள் தொடங்கிவிடும். ஆயா ஒன்று சொல்வார், ஆஸ்பத்திரி நர்ஸ் வேறு சொல்லி அனுப்பியிருப்பார், போனில் வரும் வீடியோ மூன்றாவதாக ஒன்று சொல்லும். பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை பொருந்துகிற பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். முதல் ஆறு மாதத்துக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். என் கட்சி எது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்து வீடுகளில் குழந்தை பத்திரமாகத் தூங்கப் புதிதாக வாங்க வேண்டியது கொஞ்சம்தான், படுக்கையிலிருந்து எடுத்துப் போட வேண்டியதுதான் நிறைய.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எப்படித்தான் படுக்க வைப்பது?

மல்லாக்க. சமமான, கெட்டியான படுக்கையில். அம்மா தூங்கும் அதே அறையில், கை எட்டும் தூரத்தில். படுக்கையில் இழுத்துக் கட்டிய ஒரு துணியும் குழந்தையும் மட்டும். தலையணை, பக்கத்தில் முட்டுக் கொடுக்கும் உருளை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். பகல் தூக்கத்துக்கும் இதேதான். அறைக்குள் பீடி, சிகரெட், கொசுவர்த்திப் புகை கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? அந்தக் காலத்தில் குழந்தைகள் வளரவில்லையா?

வளர்ந்தன. காலையில் எழுப்பப் போனபோது அசைவில்லாமல் கிடந்த குழந்தைகளும் இருந்தன. அதற்குத் தோஷம் என்றோ காத்து கருப்பு என்றோ சொல்லிவிட்டு, அதன்பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்து, பிரேதப் பரிசோதனை செய்தும் காரணம் பிடிபடாமல் போவதை மருத்துவர்கள் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள்தான் இது அதிகம். ஆறு மாதம் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். இதோடு, முகத்தில் துணி மூடியும், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியும், பெரியவர் உடம்பு அமுக்கியும் மூச்சு முட்டிப் போகும் குழந்தைகளும் உண்டு.

மேல்நாடுகளில் நடந்தது ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பல வருடங்களாக மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் போடச் சொல்லி வந்தார்கள். அது ஆபத்து என்று நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள் காட்டியதும் பேச்சு மாறியது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் ‘மல்லாக்கப் போடுங்கள்’ என்று பெரிய பிரசாரமே நடந்தது. அடுத்த சில வருடங்களில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புது மருந்தோ கருவியோ வந்து குறைக்கவில்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

மல்லாக்கப் போட்டால் பால் கக்கிப் புரை ஏறிவிடாதா?

எல்லா வீட்டிலும் இந்தப் பயம் உண்டு. நியாயமான பயம்தான், ஆனால் உடம்பின் அமைப்பு நமக்குச் சாதகமாக இருக்கிறது. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலே இருக்கும், உணவுக்குழல் அதற்குக் கீழே இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும், மூச்சுக்குழல் கீழே வந்துவிடும். அதனால் கக்குகிற பால் நேராக அதன் வாசலில் வந்து நிற்கும். பத்தாததற்கு, வாயில் எது வந்தாலும் இருமித் தள்ளவோ விழுங்கவோ பச்சைக்குழந்தைக்கே தெரியும்.

பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடவைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் படுக்க வையுங்கள். ஏப்பம் வரவே இல்லையா? அதற்காக அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தலைப்பக்கம் தலையணை வைத்து உயர்த்துவதும் உதவாது. குழந்தை சறுக்கிக் கீழே வந்து மடங்கிக்கொள்ளும். எப்போதாவது ஒழுகுவது சாதாரணம். பீய்ச்சி அடிப்பது, பச்சை நிறத்தில் கக்குவது, எடை ஏறாமலிருப்பது ஆகியவற்றுக்கு டாக்டரிடம் போக வேண்டும்.

மல்லாக்கப் போட்டால் தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுகிறது. குப்புறப் போட்டால் நாலு மணி நேரம் அசையாமல் தூங்குகிறதே?

அந்த ‘அசையாமல்’ என்பதுதான் பிரச்சினையே. குப்புறப் படுத்த குழந்தைக்குத் தூக்கம் ஆழமாகிவிடும், லேசில் விழிப்பு வராது. மூச்சு குறையும்போது சிணுங்கி, தலையைத் திருப்பி, விழித்துக்கொள்வதுதான் அதற்கு இருக்கும் பாதுகாப்பு. குப்புறப் போட்டால் அது மழுங்கிப்போகிறது. கைகளை விரித்துத் திடுக்கிடுவது முதல் சில மாதங்களில் எல்லாக் குழந்தைக்கும் இருப்பது, தானாகவே போய்விடும்.

பச்சைக்குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் குடிப்பது அதன் வேலை. ராத்திரி முழுக்கத் தூங்கும் குழந்தைதான் நல்ல குழந்தை என்று பக்கத்து வீட்டில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒருக்களித்துப் போடலாமா?

வேண்டாம். ஒருக்களித்த குழந்தை எளிதில் குப்புற உருண்டுவிடும். முதுகுக்குத் துணிச்சுருள் முட்டுக் கொடுத்தால், அதுவே நகர்ந்து முகத்துக்கு வந்துவிடும்.

ஏணை (சேலைத் தொட்டில்) கட்டலாமா? ஆயா சேலையெல்லாம் எடுத்து வைத்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏணையே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள், வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாளே கொக்கியில் சேலை தொங்குகிறது. எனக்கும் ஏணை பிடிக்கும். அழுகிற குழந்தையை அதுபோல் அடக்குவது வேறெதுவும் இல்லை. ஆனால் அது அழுகையை அடக்குகிற இடம். ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தூங்கவிடும் இடமாக அதை நான் சொல்ல மாட்டேன்.

காரணத்தை நீங்களே பார்க்கலாம். ஒருநாள் பகலில் குழந்தையை ஏணையில் போட்டு, துணியை விலக்கிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சேலை தொய்ந்து முதுகு வளைந்திருக்கும். தலை முன்னால் சரிந்து முகவாய் நெஞ்சில் பதிந்திருக்கும். கழுத்தில் பலம் வராத குழந்தையால் அந்தத் தலையைத் தூக்க முடியாது. அதன் மூச்சுக்குழல் மிகவும் ஒடுக்கம், மடங்கினால் காற்று போவது குறையும். சத்தம் போட்டுத் திணறாது, மெல்ல மெல்ல அடங்கிப் போகும். இரண்டு பக்கமும் துணி மூடியிருப்பதால் வெளியிலிருந்து முகமும் தெரியாது. அமெரிக்காவில் 2022-ல் வந்த சட்டம், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே தடை போட்டது. நம் ஏணையின் சாய்வு அதைவிட எவ்வளவோ அதிகம்.

சரி, கட்டத்தான் போகிறீர்கள் என்றால் இவற்றையாவது பாருங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில், கண் எதிரில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். உள்ளே குறுக்குக்கட்டை வைத்துத் துணியை அகட்டி, முகம் எப்போதும் தெரியும்படி விடுங்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், கீழே பாய் விரித்திருங்கள். மின்விசிறிக்காகப் போட்ட கொக்கியில் கட்டாதீர்கள். உத்தரத்தில் கட்டினாலும் முதலில் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இற்றுப்போன பட்டுச் சேலையைவிட நல்ல நூல்சேலைதான் தாங்கும். ஸ்பிரிங் மாட்டி விடுகிற தொட்டிலில் குழந்தை மேலும் கீழும் குதிக்கும்போது தலை எப்படி ஆடுகிறது என்று பாருங்கள், அப்புறம் நீங்களே ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவீர்கள். குழந்தை கண்ணயர்ந்ததும் எடுத்துப் பாயில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகளுக்கு. சும்மா தொங்குகிற ஏணையில் ஏறி முறுக்கிச் சுற்றி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கி ஐந்து, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இறந்துபோன செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. வேலை முடிந்ததும் சேலையை அவிழ்த்து மடித்து வையுங்கள். குறைந்தபட்சம் எட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள்.

பெயர் வைக்கும் அன்று தொட்டிலில் போட்டே ஆகவேண்டுமே?

போடுங்கள். தாத்தா காதில் பெயர் சொல்லி, நாலு பேர் பாடி, போட்டோ எடுக்கும் நேரம்தானே. சடங்கு முடிந்ததும் மாலை, ஜிகினா, பலூன், பூச்சரம் எல்லாவற்றையும் தொட்டிலிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மரத்தொட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஏணைக்காரர்களைவிடக் கவலை குறைவு, அடிப்பாகம் சமமாக இருக்கிறதே. கம்பிகளுக்கு நடுவில் குளிர்பான டின் நுழையாமல் இருக்க வேண்டும், அதாவது இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று அர்த்தம். ஆடாமல் பூட்டும் வசதி இருந்தால் ராத்திரியில் பூட்டிவிடுங்கள்.

கட்டில் இல்லை, தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறோம். குழந்தைக்கு அது போதுமா?

போதும். பல கட்டில் வீடுகளைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். கெட்டியாக, சமமாக, விழ இடமில்லாமல் இருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் கேட்பதெல்லாம் கோரைப்பாயில் இருக்கிறது. பாய்மேல் பருத்திப் புடவையை இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். ஈரத்துக்கு ரப்பர் ஷீட் போட்டால் அது துணிக்கு அடியில், மடிப்பு விழாமல் இருக்கட்டும்.

பாயில் வேறு தொல்லைகள் உண்டு. எறும்பு முதல் எதிரி. கக்கிய பால், சர்க்கரைத்தண்ணீர் சிந்திய துணியை உடனே மாற்றுங்கள் (குழந்தைக்குச் சர்க்கரைத்தண்ணீரே தரக்கூடாது, அது வேறு கதை). எறும்பு சாக்பீஸால் படுக்கையைச் சுற்றிக் கோடு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூச்சிமருந்து, குழந்தையின் கை படும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கெடில ஓரம், தென்பெண்ணை ஓரம், பாகூர்ப் பக்கம் வயலையொட்டிய வீடுகளில் மழைக்காலத்தில் பூரானும் தேளும் வரும். அந்த மாதங்களில் சுவரைவிட்டுத் தள்ளி விரித்து, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். தரை ஈரம் கசிந்தால் அகலமான பலகைக் கட்டிலுக்கு மாறுங்கள். கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் நடுவில் குழிவதால் குழந்தைக்கு ஆகாது. ராத்திரி எழுந்து நடக்கும் மூத்த பிள்ளையின் கால் படாத பக்கமாகச் சின்னவரின் இடம் இருக்கட்டும்.

அம்மா பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாமா, தனியாகத்தான் படுக்க வேண்டுமா?

ஒரே அறை, தனிப் படுக்கை. அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது: குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் வேறு படுக்கையில். நம் வீட்டில் இதற்குத் தனி அறையோ தொட்டிலோ தேவையில்லை. அம்மாவின் பாய்க்குப் பக்கத்திலேயே குழந்தைக்கென ஒரு சின்னப் பாயை ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்டால், பால் கொடுக்க இழுத்துக்கொள்ளலாம், முடிந்ததும் திரும்பத் தள்ளிவிடலாம். எனக்குத் தெரிந்து நடைமுறையில் நிற்கிற ஒரே ஏற்பாடு இதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்தபடி பால் கொடுத்துக்கொண்டே கண்ணயராத அம்மா யாரும் இல்லை. அப்படித் தூக்கம் வரும் என்று தெரிந்தால், சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுப்பதைவிடப் பாயில் படுத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். சோபாவில் குழந்தையோடு தூங்கிப்போவதால் மரண ஆபத்து 67 மடங்கு வரை கூடுகிறது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பாயில் என்றாலும் தலையணையும் போர்வையும் குழந்தையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், தாலிச் சரடையும் துப்பட்டாவையும் பின்னால் தள்ளிப் போடுங்கள். விழித்ததும் குழந்தையை அதன் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரே பாயில் இரண்டு பேருக்கு நடுவில் போடாதீர்கள்.

குழந்தை பக்கத்தில் யார் படுக்கவே கூடாது?

குடித்தவர். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும், அதுவும் தெருவுக்குத் தெரு கடை இருக்கிற புதுச்சேரியில். குடித்த உடம்புக்குக் குழந்தை அடியில் சிக்கியது உறைக்காது. ‘கொஞ்சம்தான்’ என்றாலும் அன்று ராத்திரி அவருக்குத் திண்ணையோ கூடமோதான் படுக்கை. பீடி சிகரெட் பிடிப்பவர் வெளியில் போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் மூச்சிலும் புகை இருக்கும், அவரும் தள்ளிப் படுப்பது நல்லது. தூக்க மாத்திரையோ தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்தோ சாப்பிட்டவர், காய்ச்சலில் அசந்து கிடப்பவர், மூத்த பிள்ளை, நாய், பூனை எல்லாரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். சிசேரியன் முடிந்து வலிமருந்தின் மயக்கத்தில் இருக்கும் அம்மாவும் முதல் சில நாட்களுக்கு இதில் சேர்வார். வார்டு கட்டில் ஒடுக்கமானது, குழந்தை நழுவிக் கீழே விழ வாய்ப்பு உண்டு. கூட இருக்கும் அவருடைய அத்தையோ அம்மாவோ, பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டுவிட வேண்டும்.

மாதம் முந்திப் பிறந்த குழந்தை, 2.5 கிலோவுக்குக் குறைவான குழந்தை என்றால் ஒரே படுக்கையில் தூங்கும் பேச்சே வேண்டாம்.

அரசுப் பெட்டகத்தில் வந்த குட்டி மெத்தை, கடையில் விற்கும் வலைக்குடை மெத்தை, கடுகுத் தலையணை இதெல்லாம்?

மெத்தை எதுவாக இருந்தாலும் ஒரே சோதனைதான். உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டு எடுங்கள். குழி உடனே மறைந்தால் சரி. கையின் அச்சு நின்றால் குழந்தையின் முகமும் அதில் புதையும். புதிதாக அடைத்த இலவம்பஞ்சு மெத்தை புசுபுசுவென்று இருக்கும், பழையது நடுவில் பள்ளமாகிவிடும். இரண்டுமே வேண்டாம்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்குத் தரும் குழந்தைப் பரிசுப் பெட்டகத்தில் மெத்தையும் வலையும் பொம்மையும் வரும். வலை நன்றாகப் பயன்படும், பொம்மை பகலில் விளையாட. வலைக்குடை மெத்தை என்றால் கூட வரும் குட்டித் தலையணையையும் உருளைகளையும் தூக்கிப் பரணில் போட்டுவிடுங்கள். வலை குழந்தையின் மூக்கில் படாத உயரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கடுகுத் தலையணை தலையை உருண்டையாக்கும் என்று விற்கிறார்கள். ஒரு வயது வரை எந்தத் தலையணையும் தேவையில்லை. தையல் விட்டால் கடுகு மூக்குக்குள்ளும் போகும்.

தலை தட்டையாகிவிட்டால்?

கொஞ்சம் தட்டையாகும், பெரும்பாலும் தானே சரியாகும். இன்று தலை வடக்குப் பக்கம் என்றால் நாளை தெற்குப் பக்கம் வைத்துப் படுக்க வையுங்கள் (வடக்கே தலை வைக்கலாமா என்று கேட்பவர்கள் கிழக்கு மேற்காக மாற்றிக்கொள்ளலாம்). வெளிச்சமும் அம்மாவும் இருக்கும் பக்கம் குழந்தை தலையைத் திருப்பும், அதனால் இரண்டு பக்கமும் திரும்பிப் பழகும். விழித்திருக்கும்போது, நீங்கள் எதிரில் இருக்க, தினமும் சில நிமிடம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். கழுத்தும் தோளும் பலப்படும். ஏழு வாரம் ஆவதற்குள் ஒரு நாளைக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை வந்தால் நல்லது. குளிப்பாட்டும்போது மண்டையை அழுத்தி உருட்டி எடுப்பது வேண்டாம்.

கொசு பிடுங்குகிறது. சுருள் கொளுத்தலாமா? சாம்பிராணி?

வலைதான். சுருள் முழுதாக எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளியாகிறது என்று சீன, மலேசியச் சுருள்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. மூடிய அறையில், பிறந்து பத்து நாளான நுரையீரலுக்கு அது எதற்கு? மின்சாரத்தில் மாட்டும் திரவமானால், குழந்தை இல்லாதபோது போட்டு, அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். சாயங்காலம் நாலரை மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட்டு, இருட்டியதும் வலையைப் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

சாம்பிராணி வாசனை இல்லாமல் குளிப்பாட்டிய மாதிரியே இருக்காது என்று ஆயாக்கள் சொல்வார்கள். கூடத்தில் கொஞ்சம் காட்டிவிட்டுப் போகட்டும். குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்துப் புகை காட்டுவதையும், புகை மண்டிய அறையில் தூங்கவிடுவதையும் நிறுத்திவிடலாம்.

கத்திரி வெயில், கரண்ட் வேறு போய்விடுகிறது. ஏசி போடலாமா, குல்லா போட வேண்டுமா?

ஏசி போடலாம், 25-லிருந்து 28 டிகிரிக்குள், காற்று நேராகக் குழந்தைமேல் அடிக்காமல். மின்விசிறியும் போடலாம். நம் ஊரில் மே மாதத்தில் 40 டிகிரி வெயிலும் கடல்காற்றின் கசகசப்பும் சேரும்போது, பச்சைக்குழந்தைக்குக் குளிரும் என்று ஸ்வெட்டர், குல்லா, கையுறை, காலுறை, அதற்குமேல் டவல் என்று கட்டி வைப்பதைப் பார்த்தால் எனக்கே வியர்க்கும். உடம்பு அதிகமாகச் சூடாவதும் தூக்க மரணத்துக்கு ஒரு காரணி. குழந்தை சூட்டை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு.

புறங்கையால் முதலில் வயிற்றைத் தொடுங்கள், அப்புறம் பாதத்தை. இரண்டும் இதமான சூடாக இருந்தால் சரி. வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் இன்னொரு துணி வேண்டும். இரண்டுமே சில்லிட்டிருந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்து மடிப்பில் வியர்வையும் முகத்தில் சிவப்பும் இருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். பொதுவாக நீங்கள் உடுத்தியிருப்பதைவிட ஒரு மெல்லிய துணி கூடுதலாகப் போதும். எடை குறைந்த குழந்தைக்குக் குல்லா போடச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தால் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

கரண்ட் போனால் குழந்தையை நிலைவாசல் பக்கம் காற்று வரும் இடத்துக்கு மாற்றிப் பனையோலை விசிறியால் வீசுங்கள். ஈரத்துணியை முகத்தின் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள்.

துணியில் சுற்றிவைக்கலாமா?

மெல்லிய பருத்தித் துணி, நெஞ்சில் இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி, காலை மடக்கி அகட்ட இடம். காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகலாம். சுற்றிய குழந்தை மல்லாக்க மட்டுமே. புரள முயற்சிக்கிற அன்றோடு சுற்றுவதை விட்டுவிட வேண்டும்.

வசம்பு வளையல், கழுத்துக் கயிறு, படுக்கையில் இரும்பு?

அரைஞாண் இறுக்கமில்லாமல் இருந்தால் இருக்கட்டும். கழுத்தில் எதுவும் வேண்டாம். வசம்பு வளையலில் மணி கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும், அதனால் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். குழந்தை தனியாக இருந்தால் கத்தியோ இரும்புத் துண்டோ வைக்கும் வழக்கம் இருந்தால், அதைத் தலைமாட்டிலிருந்து எடுத்து நிலைப்படியில் வையுங்கள். காத்து கருப்பு எப்படியும் வாசல் வழியாகத்தானே வர வேண்டும்.

விடாமல் அழுகிறது, படுக்க வைத்ததில் உரம் (கழுத்து, முதுகுச் சுளுக்கு) விழுந்துவிட்டது என்கிறார்கள்.

சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பதில் கழுத்து அடிபடும். பசி, ஈரத்துணி, வயிற்று உப்புசம், காது வலி, காய்ச்சல் இவற்றைப் பாருங்கள். அதற்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

புயல், வெள்ளம் வந்து மண்டபத்தில் தங்க வேண்டிவந்தால்?

இங்கே இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. ஐப்பசி பிறந்ததும் ஒரு பையைக் கட்டி வைத்துவிடுங்கள்: சின்னப் பாய், நான்கு பருத்தித் துணி, ரப்பர் ஷீட், வலை.

மண்டபத்தில் சுவரோரமாக அம்மா, அவருக்கும் சுவருக்கும் நடுவில் இல்லாமல், அவருக்கும் நம்பிக்கையான ஒரு பெரியவருக்கும் இடையில் தாராளமாக இடம்விட்டுத் தனிப் பாயில் குழந்தை. அந்தப் பெரியவர் ராத்திரி முறைபோட்டு விழித்திருக்கட்டும். நிவாரணமாக வரும் தடித்த கம்பளி குழந்தைக்கு இல்லை, பெரியவர்களுக்கு. குளிருக்குப் பயந்து கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். ஜெனரேட்டர் ஜன்னலோரத்தில் ஓடினால் இடம் மாறுங்கள், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

மாதம் முந்திப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் குப்புறப் போட்டிருந்தார்களே?

அங்கே மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் மானிட்டர் மாட்டியிருந்தது. வீட்டில் அது இல்லை, அதனால் மல்லாக்கத்தான். நெஞ்சோடு அணைக்கும் கங்காரு முறையைத் தாராளமாகத் தொடருங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் இன்குபேட்டர் போதாத நிலையில் தொடங்கிய முறை அது, இன்று உலகம் முழுவதும் சிபாரிசு செய்கிறார்கள். சொல்லிக்கொடுத்தபடி சாய்ந்து உட்கார்ந்து, துணியால் கட்டி, முகம் ஒரு பக்கம் திரும்பி மூக்கு திறந்திருக்க வேண்டும். அப்பாவும் செய்யலாம்.

காரில், ஸ்கூட்டரில், நெஞ்சுப் பையில் தூங்கிவிட்டால்?

பயண நேரத்துக்குச் சரி. இறங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் போடுங்கள். நெஞ்சுப் பையில் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முகவாய் நெஞ்சில் படக்கூடாது. வெயிலுக்காக முகத்தை முழுக்க மூடிக்கொண்டு கடலூரிலிருந்து பாண்டி வரை பைக்கில் போவது வேண்டாம், பஸ் இருக்கிறது.

எப்போது வரை மல்லாக்க?

ஒரு வயது வரை மல்லாக்கத்தான் போட வேண்டும். தானாக இரண்டு பக்கமும் புரளத் தெரிந்துவிட்டால், தூக்கத்தில் அது புரண்டு படுப்பதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம்.

இதெல்லாம் எனக்குப் புரிகிறது, அத்தை கேட்க மாட்டேன் என்கிறார்.

‘நீங்கள் சொல்வது தப்பு’ என்று தொடங்கினால் அன்றோடு முடிந்தது. தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், கேள்வியை அவரே டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்கட்டும். இன்னொன்று, அவருக்குப் பொறுப்பைக் கொடுங்கள். ஏணையில் தூங்கிய குழந்தையை எடுத்துப் பாயில் போடுவது, வலையைச் செருகுவது, பாதம் தொட்டுப் பார்ப்பது என்று வேலையைப் பிரித்துக் கொடுத்த வீடுகளில் சண்டை குறைந்திருக்கிறது. கணவர் பேசாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் எந்த வழியும் பலிக்காது. அவருடைய அம்மாவிடம் அவர்தான் பேச வேண்டும்.

தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறது. எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்?

வேகமாக நாலைந்து மூச்சு, அப்புறம் ஐந்து பத்து வினாடி இடைவெளி, திரும்ப மூச்சு என்பது பச்சைக்குழந்தைக்குச் சாதாரணம். இடைவெளி 20 வினாடியைத் தாண்டினாலோ, உதடும் நாக்கும் நீலம் பூத்தாலோ, துவண்டு போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, குழந்தையைக் கெட்டியான இடத்தில் மல்லாக்கக் கிடத்தி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

இரண்டு மாதம் ஆகாத குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்து 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே என்றால், நெஞ்சு உள்ளே இழுத்தால், முனகினால், பால் குடிக்க மறுத்தால், உடம்பு 37.5 டிகிரிக்கு மேல் கொதித்தாலோ சில்லிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, இவற்றில் எது பக்கமோ அங்கே போங்கள். போகும் வழியில் குழந்தை உங்கள் நெஞ்சோடு இருக்கட்டும், முகத்தை மட்டும் மூடாதீர்கள்.